இரண்டு துளை போட்ட வாள்

என் மகளை இரண்டாம் கல்யாணத்துக்குக் கேட்டு வந்தவர் வீட்டில் ஒரு ஜப்பான் வாள் இருந்தது. அறுநூறு வருஷத்துப் பழசு என்று சொன்னார். அந்த ஒரு பேச்சைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொள்ள அங்கே வேறெதுவும் இல்லை.

எங்கள் சிவகங்கைப் பக்கத்தில் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வேண்டுமென்றால் வழி இருக்கிறது. மளிகைக் கடைக்காரரிடம் கேட்கலாம். முடி வெட்டுகிறவரிடம் கேட்கலாம். எதிர்வீட்டுக்காரியிடம் கேட்கவே வேண்டாம், அவளே சொல்லுவாள். தோஹாவில் யாரிடம் போய்க் கேட்பது? அவர் ராஸ் லஃபானில் கேஸ் பிளாண்டில் இன்ஜினியர். அல் கோரில் கம்பெனி குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தார். இந்தப் பக்கத்து வீட்டில் பிலிப்பைன்ஸ்காரர், அந்தப் பக்கத்து வீட்டில் எகிப்துக்காரர். அவர்களுக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவர்கள் பாஷை தெரியாது. அவரைப் பற்றி அவர் சொல்வதுதான் செய்தி. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் மருமகனும் அப்படித்தான் சொன்னார். ஷார்ஜா ரோலாவில் பெரிய ஆபீசில் மேனேஜர் என்றார். கண் ஓரிடத்தில் நிற்கவில்லையே என்று நான் அன்றைக்கே சொன்னேன். என் வீட்டுக்காரரின் சொந்தங்கள் கொண்டுவந்த சம்பந்தம், என் பேச்சை யார் கேட்டார்கள்? போய்ப் பார்த்தால் ஒரு ரூமில் எட்டுப் பேர். எட்டுப் பேரோடு படுத்துக்கொள்வது கேவலமில்லை. அப்படிப் படுத்துக்கொண்டு மேனேஜர் என்று சொன்னதுதான் கேவலம். அந்தப் பொய்யை மூட இன்னொன்று, அதை மூட இன்னொன்று என்று ஏழு வருஷம் ஓடி, கடைசியில் கோர்ட்டில் போய் முடிந்தது. அதன் பிறகு மகள் தோஹாவில் நர்ஸ் வேலை தேடிக்கொண்டாள். அவளுடைய அப்பாவும் கண்ணை மூடியபின் நானும் அவளோடு வந்துவிட்டேன்.

இந்தக் கோயம்புத்தூர்க்காரரை அவள் ஆஸ்பத்திரியில்தான் பார்த்திருக்கிறாள். தன்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் அங்கே படுத்திருந்தபோது தினமும் வந்து போயிருக்கிறார். மனைவியை இழந்தவர், பிள்ளை இல்லை. மகள் என்னிடம் சொன்னபோது ஒன்றை மட்டும் தெளிவாகச் சொன்னாள்.

"நீ சரின்னு சொல்லாம நான் கட்டிக்க மாட்டேம்மா. ஆனா சொல்றதைச் சீக்கிரம் சொல்லு. எனக்கும் வயசு ஏறுது."

ஆக, அவள் வாழ்க்கை என் வாயில் வந்து நின்றது.

முதல் தடவை ஒரு வெள்ளிக்கிழமை போனோம். பழம், பூ, வெற்றிலை எல்லாம் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டுதான் போனேன். நாடு மாறினால் முறை மாறிவிடுமா? வாசலிலேயே நின்றிருந்தார்.

"வாங்கம்மா, வாங்க. வழி சிரமமா இல்லைங்களே? உக்காருங்க, உக்காருங்க."

எதற்கெடுத்தாலும் 'ங்க'. இவ்வளவு மரியாதை எதற்கு என்று அதையும் ஒரு பக்கம் குறித்துக்கொண்டேன். வீடு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. மனைவியின் படத்துக்கு மாலை போட்டிருந்தார். பிளாஸ்டிக் மல்லிகை, ஆனால் தூசி இல்லை. டிவிக்கு மேலே ஒரு மரத் தாங்கியில் கறுப்பாக நீளமாக ஒன்று கிடந்தது. திரைச்சீலைக் கம்பியைக் கழற்றி வைத்திருக்கிறார் போல என்று நினைத்தேன்.

"அது என்ன தம்பி?"

"வாளுங்கம்மா. ஜப்பான் வாள். எனக்கு மேலதிகாரியா இருந்த ஜப்பான்காரர் ஊருக்குப் போறப்போ குடுத்துட்டுப் போனாருங்க."

"போலீசு கேக்காதா?"

"முறையா அனுமதி வாங்கியிருக்குங்க."

"வெட்டுமா?"

"அறுநூறு வருஷத்து வாளுங்க. வெட்டாம இருந்திருக்குமா?"

மகள் சிரித்தாள். அவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அறுநூறு வருஷத்துச் சாமானை ஒரு ஆள் எதற்கு இன்னொரு ஆளுக்குச் சும்மா கொடுத்துவிட்டுப் போகிறான்?

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் சொன்னதை நம்பலாமா என்று தெரியவில்லையென்றால் அதையே மூன்று தடவை கேட்பேன். ஒரே மூச்சில் கேட்க மாட்டேன். இடைவெளி விட்டு, ஒருதடவை தலையிலிருந்து, ஒருதடவை நடுவிலிருந்து, ஒருதடவை வாலிலிருந்து கேட்பேன். உண்மையாக இருந்தால் எங்கே தொட்டாலும் ஒரே மாதிரி வரும். பொய்யென்றால் எங்காவது ஒரு இடத்தில் பிசகும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்தைக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனால் காதில் விழுந்தது எனக்கு மறக்காது.

அதனால் வெள்ளிக்கிழமைகளில் அவர் எங்கள் பிளாட்டுக்கு வரும்போதெல்லாம் அந்த வாளைப் பற்றித்தான் கேட்டேன். மனிதருக்கு ஒரே சந்தோஷம். அம்மாவுக்கு இதில் இவ்வளவு ஆசையா என்று மகளிடம் கேட்டிருக்கிறார். அவள் என்னை முறைத்துவிட்டு, "ஆமா, ரொம்ப ஆசை" என்று சொல்லியிருக்கிறாள்.

முதல் தடவை தலையிலிருந்து சொன்னார். டம்ளர் தண்ணீரில் விரலைத் தொட்டு மேஜையில் கோடு போட்டுக் காட்டினார். ஜப்பானில் ஆதியில் வாள் நேராக இருந்ததாம். சீனா, கொரியா பக்கமிருந்து வந்த வடிவமாம். பிறகு குதிரையில் ஏறிச் சண்டை போட ஆரம்பித்தார்களாம். ஓடுகிற குதிரையிலிருந்து இழுத்து வெட்டுவதற்கு வளைவு வேண்டும். அதனால் வாள் நீண்டு வளைந்ததாம். அதுவும் நடுவில் இல்லை, பிடியை ஒட்டி அடியிலே வளைந்து, அதன்பின் நுனிவரை நேராகப் போகுமாம். அதற்குத் தாச்சி என்று பேர். இடுப்பில் கயிற்றில் தொங்கும், வெட்டுகிற வாய் கீழே பார்த்திருக்கும்.

எனக்கு உடனே தென்னை மட்டை ஞாபகம் வந்தது. மட்டையும் அடியில்தானே வளைந்து, பிறகு நேராகப் போகும்? நான் அதை அப்படியே மனசில் முடிந்து வைத்துக்கொண்டேன். ஆதி வாள் மூங்கில் கழி. குதிரைக்காரன் வாள் தென்னை மட்டை.

இரண்டாம் தடவை நடுவிலிருந்து இழுத்தேன்.

"அந்தத் தாச்சிக்கு அப்புறம் என்னமோ சொன்னீங்களே தம்பி, குள்ளமாச்சுன்னு?"

"மொதல்ல குள்ளமாகலீங்கம்மா. இன்னும் பெருசாச்சுங்க. தோள்ல போட்டுத் தூக்கிட்டுப் போற அளவுக்கு. அதுக்கப்புறந்தான் தரையில நின்னு கூட்டமா சண்டை போட ஆரம்பிச்சாங்க. அவ்வளவு நீளம் உதவாதுங்களே. புதுசாக் குட்டையாச் செஞ்சாங்க. பழசா இருந்ததையும் அடியில வெட்டிக் குறைச்சாங்க. இடுப்புத் துணியில செருகிக்கிட்டாங்க, வாய் மேல பார்த்த மாதிரி. உருவுற வேகத்துலயே வெட்டிறலாமுங்க. அதுதான் கத்தானா."

"அப்ப வளைவு?"

"குறைஞ்சுருச்சுங்க. அதுக்குப் பின்னாடி ஊருல ரொம்ப நாள் சண்டையே இல்ல. அந்தக் காலத்து வாள் இன்னும் நேராயிருச்சு."

அதையும் முடிந்தேன். கத்தானா முருங்கைக்காய். வளைந்தும் வளையாமலும்.

மூன்றாம் தடவை வாலிலிருந்து கேட்டேன். சண்டையில்லாத காலத்தின் கடைசியில் கொல்லர்களுக்குப் பழசின் மேல் ஆசை வந்து, அறுநூறு எழுநூறு வருஷத்து வடிவங்களைப் பார்த்துப் பார்த்துத் திரும்பச் செய்தார்களாம். அதற்கும் பின்னால் வாள் கட்டக்கூடாது என்று அரசாங்கமே சொல்லிவிட்டதாம். பிறகு பட்டாளத்துக்காக பாக்டரியில் அடித்ததும் உண்டாம். இவற்றைக் காலத்தை வைத்து பழைய வாள், புது வாள், புதுப்புது வாள், இந்தக் காலத்து வாள் என்று பிரிக்கிறார்கள். நீளத்தை வைத்தும் பிரிக்கிறார்கள். ஏறக்குறைய ஒரு அடிக்குள் இருந்தால் ஒரு பேர், இரண்டு அடிக்குள் இன்னொரு பேர், அதைத் தாண்டினால்தான் கத்தானா.

எங்கே தொடங்கினாலும் முழுசையும் சொல்லித்தான் முடித்தார். மூன்று தடவையும் ஒன்றும் பிசகவில்லை. மனப்பாடம் செய்தவனுக்கும் பிசகாதே என்று நினைத்துக்கொண்டேன்.

ஆயுத பூஜைக்கு எங்களை அவர் வீட்டுக்கே கூப்பிட்டார். சாமி படத்துக்கு முன்னால் லேப்டாப், கார் சாவி, ஸ்பேனர் பெட்டி, மகளுடைய ஸ்டெதஸ்கோப் எல்லாம் வரிசையாக வைத்தோம். வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் வாளையும் உறையிலிருந்து உருவி வைத்தார். வாளை உருவி அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். முகம் பார்க்கலாம் போல இருந்தது. வாயோரம் நெடுக அலை அடித்த மாதிரி வெள்ளையாக ஒரு கோடு.

எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே சந்தனக் கிண்ணத்தோடு அதனிடம் போனேன்.

"அம்மா, அதுக்கு மட்டும் வேண்டாங்க."

"ஏன்? சாவிக்கு வச்சாச்சு, ஸ்பேனருக்கு வச்சாச்சு. ஆயுத பூஜையில ஆயுதத்துக்கு வைக்காம வேற எதுக்கு வைக்கிறது?"

"ஈரம் பட்டாக் கறை பிடிச்சுருங்க. கைரேகை பட்டாலே பிடிக்குமுங்க."

"எங்க ஊரு கருப்பசாமி கோயில்ல ஆள் உசரத்துக்கு அரிவாள் நட்டிருக்கு. வெயில்லயும் மழையிலயும் நிக்குது. சந்தனம் பூசி நுனியில எலுமிச்சம்பழம் குத்துறோம். அது என்ன கரைஞ்சா போச்சு?"

"அம்மா, விடேன்" என்றாள் மகள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"உறைக்கு வையுங்கம்மா. உறைக்குத் தாராளமா வைக்கலாமுங்க" என்று அவர் உறையை இரண்டு கையாலும் நீட்டினார்.

உறைக்கு வைத்தேன். ஆனால் மனசு கேட்கவில்லை. தண்ணீர் படக்கூடாது, வேர்வை படக்கூடாது என்று சொல்கிறவன் யார்? கவரிங் நகை விற்கிறவன். தங்கம் விற்கிறவன் அப்படிச் சொல்வதில்லை.

பொரியும் சுண்டலும் சாப்பிட்டுக்கொண்டே வாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் தட்டியது. என் கணக்குப்படி அறுநூறு வருஷத்து வாள் தென்னை மட்டை மாதிரி அல்லவா இருக்க வேண்டும்? இது முருங்கைக்காயாக அல்லவா கிடக்கிறது?

"தம்பி, ஒண்ணு கேக்கணும். பழைய வாளெல்லாம் அடியில நல்லா வளைஞ்சிருக்கும்னு சொன்னீங்கதானே?"

"ஆமாங்கம்மா."

"மூணு தடவையும் அப்படித்தானே சொன்னீங்க?"

"ஆமாங்க."

"அப்ப இது ஏன் நேரா இருக்கு? நீங்க சொன்னபடி பாத்தா இது பின்னாடி வந்த வாளுல்ல?"

மகள் சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். அவருக்கு முகம் மாறும் என்று காத்திருந்தேன். மலர்ந்தது.

"எவ்வளவு சரியாக் கேட்டீங்கம்மா! நானும் இதைத்தான் அவருகிட்டக் கேட்டேனுங்க. இது வெட்டிக் குறைச்ச வாளுங்க. வளைவு அடியில இருந்தது. அடியை வெட்டுனப்போ வளைவும் அதோட போயிருச்சு. இருங்க, காட்டறேன்."

பிடியிலிருந்து ஒரு சின்ன மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்தார். வாளை ஒரு கையால் நிமிர்த்திப் பிடித்து, அந்தக் கையின் மணிக்கட்டில் மற்ற கையால் இரண்டு குத்துக் குத்தினார். பிடி கழன்று வந்தது. பிடிக்குள்ளே மறைந்திருந்த அடிப்பாகம் முழுக்கத் துரு. அந்தத் துருவில் இரண்டு துளை இருந்தது.

"ஆணி போட ஒரு துளைதானுங்க வேணும். மேல இருக்கறது வெட்டுனதுக்கப்புறம் போட்டது. கீழ இருக்கறது பழைய துளை."

"செஞ்சவர் பேர் இருக்காதா?"

"அடியிலதான் பேரைச் செதுக்கியிருப்பாங்க. அந்தத் துண்டோட போயிருச்சுங்க."

"துருவைத் துடைக்கலாமுல்ல?"

"ஐயோ, அதைத் தொடவே கூடாதுங்க. துருவை வச்சுத்தானே வயசு சொல்லுவாங்க."

எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருந்தது. வெளியே கண்ணாடி, உள்ளே துரு. வெளியே ஈரம் படக்கூடாது, உள்ளே துருவைத் துடைக்கக்கூடாது. வளைவைக் கேட்டால் வெட்டிவிட்டார்கள், பேரைக் கேட்டால் அதுவும் அந்தத் துண்டோடு போய்விட்டது. ரோலாக்காரரிடமும் இப்படித்தான், எதைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும்.

திரும்பி வரும் வழியில் மகள் வண்டி ஓட்டிக்கொண்டே கேட்டாள்.

"நான் கட்டிக்கப் போறது அவரையா, அந்தக் கத்தியையா?"

"கத்தி விஷயத்துல பொய் சொல்றவன் கட்டுன பொண்டாட்டிகிட்ட மட்டும் நெசம் சொல்லிருவானா?"

"பொய்யின்னு உனக்கு யாரு சொன்னா?"

"நெசம்னு உனக்கு யாரு சொன்னா? இன்னொரு தடவை நீ அழுதா தூக்கி நிறுத்த என் இடுப்புல தெம்பு இல்லடி."

 எங்கள் பிளாட் இருக்கிற நஜ்மா ஏரியா வரும்வரை அவள் ரோட்டையே பார்த்து ஓட்டினாள்.

அந்த வாரத்தில் எங்கள் தெருவில் பேரீச்ச மரங்களைக் கழித்தார்கள். மட்டைகள் நடைபாதையோரம் குவிந்து கிடந்தன. தென்னை இல்லாவிட்டால் என்ன, இதற்கும் அடியில் அதே வளைவுதான். ஒரு மட்டையைப் பொறுக்கி, ஓலையையெல்லாம் பிய்த்துப் போட்டுவிட்டு இழுத்துக்கொண்டு வந்தேன். முள் முந்தானையில் மாட்டியது. இதெல்லாம் லிஃப்டில் கூடாது என்று வாட்ச்மேன் ஓடி வந்தார்.

"அம்மா, ஏ க்யா ஹை? லிஃப்ட் மே மாஃபி! மாஃபி!"

"கலாஸ் பாய், கலாஸ். முடிஞ்சுது, ஒரே நிமிஷம்" என்று மட்டையோடு உள்ளே போய்க் கதவை மூடிக்கொண்டேன்.

ஊரிலிருந்து கொண்டுவந்த அரிவாள்மனை அதற்கு ஒத்துவரவில்லை. ரொட்டி அறுக்கிற கத்தியால் அரை மணி நேரம் ராவி, அடியை வளைவோடு துண்டாக்கினேன். மிச்சத்தைத் தூக்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். நேராகத்தான் இருந்தது. வளைவெல்லாம் வெட்டின துண்டில் கிளி மூக்கு மாதிரி கிடந்தது.

ஆக, அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். ஆனால் நடக்கக்கூடியது வேறு, நடந்தது வேறு. டூட்டி முடிந்து வந்த மகள் அடுக்களையில் மட்டையைப் பார்த்துவிட்டு, "இது என்ன, அடுத்த மாப்பிள்ளையா?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போனாள்.

அதற்குப் பிறகு ஒருநாள் அவர் போன் செய்தார். வாள் பார்க்கத் தெரிந்த வயசான ஜப்பான்காரர் ஒருவர் பிளாண்ட் வேலையாக வந்திருக்கிறாராம். அந்தப் பழைய மேலதிகாரியோடு வேலை பார்த்தவராம். மறுநாள் பிளைட் ஏறிவிடுவாராம்.

"நீங்க அவசியம் வரணுமுங்கம்மா. உங்களுக்குத்தான் நெறையக் கேள்வி இருக்குதுங்களே. உங்க பொண்ணுக்கு டூட்டின்னாலும் பரவால்லீங்க, நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

மகள் இல்லாத நேரம் பார்த்து எதற்கு என்னைக் கூப்பிடுகிறார்? பேச்சு இங்கிலீஷில் நடக்கும். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அவர் எதை எடுத்துச் சொல்கிறாரோ அதுதான் எனக்குத் தெரியும். என்ன வேண்டுமானாலும் சொல்லலாமே. போகாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். பிறகு வேறொன்று தோன்றியது. எனக்கு போனில் எழுத வராது. மகளிடம் எதையும் வாட்ஸப்பில் பேசித்தான் அனுப்புவேன். அந்த மைக்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருக்கும் வரை யார் பேசினாலும் உள்ளே போய்விடும்.

ஜப்பான்காரர் என் வயசுதான் இருப்பார். மெலிந்த ஆள். முதலில் வாளுக்கு முன்னால் தலை குனிந்தார். பிறகு ஒரு வெள்ளைக் காகிதத்தை மடித்து உதட்டில் கவ்விக்கொண்டு வாளை உருவினார்.

"காகிதம் எதுக்கு தம்பி?"

"மூச்சுக்காத்து ஈரம் படக்கூடாதுன்னுங்க."

சரி, ஈரம் படக்கூடாது என்றது பொய்யில்லை. ஒன்றை அவர் பக்கம் எழுதிக்கொண்டேன்.

ஜப்பான்காரர் வாளை விளக்குக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு பிடியைக் கழற்றிக் கீழே வைத்தார், காகிதத்தை எடுத்தார், பேச ஆரம்பித்தார். நான் முந்தானைக்குள் கட்டைவிரலை அழுத்தினேன். எனக்குப் புரியாவிட்டாலும் அவர் விரலையே பார்த்தேன். வாயோரத்து வெள்ளைக் கோட்டின் மேலே தொடாமல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். துரு தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் மேலேயே விரல் நின்றது. தலையை ஆட்டினார். கீழ்த் துளையைக் காட்டினார், மேல் துளையைக் காட்டினார், மறுபடியும் தலையை ஆட்டினார். கோயம்புத்தூர்க்காரர் முகத்தில் ரத்தமே இல்லை. கடைசியாக ஜப்பான்காரர் குரலைத் தாழ்த்தி ஏதோ ஒன்று சொன்னார். இவர் தரையைப் பார்த்தார்.

"என்ன சொல்றார் தம்பி?" என்றேன், விரலை எடுக்காமலே.

இப்போது என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். உண்மைதான், அறுநூறு வருஷம்தான் என்று சொன்னால் நான் என்ன செய்துவிடப் போகிறேன்?

அவர் என் பக்கம் திரும்பினார்.

"இது அவ்வளவு பழசு இல்லீங்கம்மா. நூத்தம்பது வருஷம் இருக்கலாமுங்குறாரு. அந்தப் பழசைப் பாத்துத் திரும்பச் செஞ்ச காலம் சொன்னேனில்லீங்க, அப்போ செஞ்சது. வெட்டிக் குறைச்ச வாள் மாதிரியே செஞ்சிருக்காங்க. ரெண்டாவது துளைகூட அப்பவே போட்டதுதானாம்."

"எப்படிக் கண்டுபிடிச்சார்?"

"நெசமா வெட்டிக் குறைச்சிருந்தா, வாளா இருந்த பாகந்தானுங்களே அடிப்பாகமா மாறியிருக்கும்? அப்போ இந்த வெள்ளைக் கோடு துருவுக்குள்ளயும் எறங்கி ஓடியிருக்கணுமுங்க. இது மேலயே அழகா ஆரம்பிக்குது. அப்போ இதை யாரும் வெட்டலீங்க."

எனக்குச் சட்டென்று புரிந்தது. நான் ராவின மட்டையில் நரம்பெல்லாம் வெட்டின முனைவரை ஓடியிருந்தது.

"வேற ஒண்ணும் சொல்லலியா?"

"இல்லீங்கம்மா. நல்ல வேலைப்பாடுன்னாரு. அவ்வளவுதானுங்க."

என்னைத் திரும்பக் கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டுப் போனார். 

மகள் வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா இது? பேஷண்டுக்கு டிரிப் போட்டுட்டு வந்து போனைப் பாத்தா உன்கிட்ட இருந்து இவ்வளவு நீளத்துக்கு வாய்ஸ்! நீ ஒட்டுக் கேக்குறது போதாதுன்னு என்னையும் கேக்க வைக்கிறியா?"

"கேட்டியா இல்லியா?"

அவள் செருப்பைக் கழற்றி மெதுவாக ஓரம் வைத்தாள்.

"கேட்டேன்."

"அவர் எனக்குச் சொன்னது சரியா?"

"சரிதான். ஒரு வார்த்தை விடாம அப்படியே சொல்லியிருக்கார்." பிறகு, "கடைசியில ஒண்ணைத் தவிர" என்றாள்.

"பாத்தியா!" என்று நான் எழுந்தே விட்டேன். "என்னது?"

"இந்த வாளைக் குடுத்தாரே அவரோட பாஸ், அவருக்கு இது முன்னாடியே தெரியுமாம். ஜப்பான்காரர் சொல்றார். 'நானே உங்க பாஸ்கிட்ட இதைச் சொல்லியிருக்கேன், தெரிஞ்சுதான் உங்களுக்குக் குடுத்திருக்கார்'னு."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. பிடித்துவிட்டேன் என்று ஒரு பக்கம் இருந்தது. 'அவ்வளவுதானுங்க' என்றாரே, அது அவ்வளவு இல்லையே. அவருக்குப் பாதகமான விஷயத்தையெல்லாம் சொல்லிவிட்டு, இதை மட்டும் ஏன் மறைத்தார்?

வெள்ளிக்கிழமை வந்தார். மகள் அடுக்களையில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். நான் அவர் எதிரே உட்கார்ந்தேன்.

"தம்பி, அன்னைக்கு அந்தப் பெரியவர் அவ்வளவுதான் சொன்னாரா?"

அவர் என்னைப் பார்த்தார். கண் அங்கே இங்கே ஓடவில்லை.

"மிச்சம் உங்க போன்ல போயிருக்குமுங்களே அம்மா. முந்தானைக்குள்ள கட்டைவிரல் நகரவே இல்ல. வலிச்சிருக்குமேன்னு நெனச்சேனுங்க."

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது. நான் எதற்குத் தலை குனிய வேண்டும்?

"ஆமா, அனுப்புனேன். எம்மகளுக்கு நான்தான் விசாரிக்கணும். வேற யாரு இருக்கா?"

"தப்பே இல்லீங்கம்மா."

"போன்ல போகுதுன்னு தெரிஞ்சும் ஏன் அதை மட்டும் விட்டீங்க?"

மேஜையில் டம்ளர் வைத்த ஈரம் வட்டமாக இருந்தது. அதை விரலால் இழுத்துக்கொண்டே சொன்னார்.

"நான் இங்க வந்தப்போ ஒரு வால்வுகூட சரியாப் பாக்கத் தெரியாதுங்க. எல்லாம் அவரு கத்துக் குடுத்ததுதான். இப்ப அவரு உசுரோட இல்ல. ஏன் அறுநூறு வருஷமுன்னு சொல்லி இதைக் குடுத்தாருன்னு கேக்கவும் முடியாது. உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு இல்லீங்க, எப்படியும் தெரியுமுன்னு எனக்குத் தெரியும். என் வாயால அவரைப் பொய்யருன்னு சொல்ல வரலீங்க, அவ்வளவுதான்."

நான் எழுந்து அடுக்களைக்குப் போனேன். மகள் என் முகத்தையே பார்த்தாள். நான் அவளைப் பார்க்காமல் அப்பளத்தைப் பொரிக்க ஆரம்பித்தேன். ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. மைக் ஓடுகிறது என்று தெரிந்ததால்தான் உண்மையைச் சொன்னாரோ? இருக்கலாம். ஆனால் தெரிந்தவர் முழுசையும் சொல்லித் தப்பித்துக்கொண்டிருக்கலாமே. விட்டதைப் பிடித்துவிடுவோம் என்று தெரிந்தே விட்டிருக்கிறார். தன் குட்டு உடைகிற இடத்தில் வாயைத் திறந்தார். இன்னொருவர் குட்டு உடைகிற இடத்தில் மூடிக்கொண்டார். ரோலாக்காரர் இதைத் தலைகீழாகச் செய்வார். இவரே நாளைக்கு யாருக்காகவாவது எங்களிடமும் ஒன்றை மூடி வைப்பாரோ? வைப்பார் போலத்தான் இருந்தது. அதையும் சேர்த்துத்தான் எடை போட்டேன்.

மூன்று அப்பளம் கருகிப்போனது. நாலாவதை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன்.

"மாப்பிள்ளை, கை கழுவிட்டு வாங்க. சாப்பிடலாம்."

அதுவரை 'தம்பி'தான். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தவர் அப்படியே நின்றார். அடுக்களை வாசலில் மகள் கரண்டியோடு நின்றாள். குழம்பு தரையில் சொட்டியது.

"சரிங்க அத்தை" என்றார்.

"கரண்டியைக் கீழ வைடி. தரையெல்லாம் ஆகுது" என்றேன் நான்.

இப்போது அந்த வாள் எங்கள் மூன்று பேரோடு அல் கோர் வீட்டில்தான் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு உறையில் மட்டும் பொட்டு வைக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் காட்டிக் கேட்பார்கள், எத்தனை வருஷத்துப் பழசு என்று. நான் அடுக்களையில் இருந்தால் உடனே மிக்ஸியை நிறுத்திவிடுவேன். குழாய் ஓடினால் அதையும் மூடிவிட்டு, காதைக் கூடத்துப் பக்கம் வைத்துக்கொள்வேன்.

"நூத்தம்பது வருஷம் இருக்கலாமுங்க. பழசு மாதிரி செஞ்சது" என்பார் மாப்பிள்ளை. யார் கொடுத்தது என்று கேட்டால், "எனக்கு வேலை கத்துக் குடுத்தவருங்க" என்பார்.

இதுவரைக்கும் மாறவில்லை. மிக்ஸியைத் திரும்பப் போட்டுவிடுவேன்.